ஏழு பாகம் வந்தாச்சு... இன்னும் மூன்றாம் பாகத்துக்கே வாரிசு தேடுகிறார்கள்!

1999-ல் வெளியான ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு, 2024 புத்தாண்டையொட்டிப் புதிதாக ஒரு நகரம் கட்டிக் கொடுத்தார்கள். கட்டியது அந்த கேமை உருவாக்கிய கம்பெனி இல்லை; அது 2003-லேயே கதவைச் சாத்திவிட்டது. இப்போது உரிமையைக் கையில் வைத்திருக்கும் கம்பெனியும் இல்லை. கட்டியவர்கள் ரசிகர்கள். சம்பளம் கிடையாது, விற்கவும் முடியாது. பல வருட உழைப்பை இலவசமாக டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அந்த கேமின் பெயர் 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3'. ரசிகர்கள் வாயில் சுருக்கமாக 'ஹீரோஸ் 3'. அதற்குப் பிறகு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாக அடுத்த பாகங்கள் வந்துவிட்டன. இருந்தும், "இதுக்கு ஒரு நல்ல அடுத்த பாகம் எப்ப வரும்?" என்ற கேள்வி மட்டும் இன்னும் ஓயவில்லை.

ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஸ் கைமாறினால் என்ன நடக்கும்? போர்டு அப்படியே இருக்கும், சாம்பார் மாறிவிடும். பழைய சமையல்காரர் நாலு தெரு தள்ளி வேறு பெயரில் கடை போட்டிருப்பார். ஃபேன்டஸி ஸ்ட்ராட்டஜி கேம்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். பெயர்ப்பலகை ஒருவரிடம், கைப்பக்குவம் இன்னொருவரிடம்.

அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

கேம் என்றாலே துப்பாக்கிச் சத்தம் என்று நினைக்கும் அம்மா அப்பாக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஹீரோஸ் 3-ல் அவசரமே கிடையாது. சதுரங்கம் போல முறைவைத்து ஆடும் ஆட்டம். உங்கள் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். நடுவில் எழுந்துபோய் பால் பொங்குகிறதா என்று பார்த்துவிட்டும் வரலாம்.

இருட்டாக மூடிக்கிடக்கும் ஒரு வரைபடம். அதில் உங்களுக்கு ஒரு நகரம், குதிரைமேல் ஒரு தளபதி. தளபதி நகர நகர இருட்டு விலகும். வழியில் சுரங்கம், மரம் அறுக்கும் ஆலை, புதையல் பெட்டி, அவற்றுக்குக் காவல் நிற்கும் பூதங்கள். பொன், மரம், தாது, பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் என ஏழு வகைச் செல்வம் சேர்க்க வேண்டும். சேர்த்ததை வைத்து நகரத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு கட்டடம்தான் எழுப்பலாம். கோட்டையா, மந்திரசாலையா, படை வீரர் குடியிருப்பா? தினமும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நேற்று தப்பாகச் சொல்லியிருந்தால் அடுத்த வாரம் எதிரி வாசலில் வந்து நிற்கும்போது தெரியும்.

ஏழு நாள் ஒரு வாரம். வாரத்தின் முதல் நாள்தான் புதிதாகப் படைக்கு ஆள் கிடைக்கும். அன்று காலை ஜோசியர்கள் வேறு இந்த வாரம் எந்தப் பிராணிக்கு விசேஷம் என்று அறிவிப்பார்கள். அந்தப் பிராணி கூடுதலாகப் பெருகும். (வார பலன் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்களுக்கு இந்த கேம் பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை!)

சண்டை வந்தால் அறுகோணக் கட்டங்கள் போட்ட தனிக்களம் திறக்கும். நூறு வில்லாளிகள் இருந்தால் திரையில் நிற்பது ஒரே ஒரு வில்லாளி, காலடியில் '100' என்ற எண். இந்தச் சின்னத் தந்திரத்தால்தான் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான படை மோதிக்கொள்ள முடிந்தது. பார்த்த மாத்திரத்தில் யாரிடம் எவ்வளவு பலம் என்று கணக்குப் போடவும் முடிந்தது.

முதலில் வந்த பெட்டியில் எட்டு வகை நகரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏழு படிநிலையில் வீரர்கள். மனிதர்களின் கோட்டையில் ஈட்டிக்காரனில் தொடங்கி தேவதூதர் வரை. இறந்தவர்களின் நகரத்தில் எலும்புக்கூட்டில் தொடங்கி எலும்பு டிராகன் வரை. இறந்தவர்களின் நகரத்துத் தளபதி ஒரு சண்டையில் ஜெயித்தால், செத்துவிழுந்தவர்களில் ஒரு பங்கு எலும்புக்கூடாக எழுந்து அவர் படையிலேயே சேர்ந்துகொள்ளும். இது நியாயமே இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரசிகர்கள் அதைத் திருத்தச் சொல்லிக் கொடி பிடிக்கவில்லை. "நாம ஆடும்போது அந்த வித்தை வேண்டாம்" என்று தங்களுக்குள்ளேயே விதி வைத்துக்கொண்டார்கள். எல்லா மூலையும் அளவெடுத்து இழைக்கப்படாத ஒரு கேமில்தான் ஆடுகிறவர்களுக்கு இப்படிப் பேசித் தீர்க்க விஷயம் கிடைக்கிறது. பின்னால் வந்த பல பாகங்களை உருவாக்கியவர்கள் கவனிக்கத் தவறியது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. ஒருவர் முறை முடிந்ததும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். 'ஹாட் சீட்' என்று பெயர். இன்டர்நெட் எல்லோருக்கும் எட்டாத காலத்தில் அண்ணன் தம்பியும் ஹாஸ்டல் நண்பர்களும் சேர்ந்து ஆட இது போதுமானதாக இருந்தது. போலந்து, ரஷ்யா போன்ற நாடுகளில் ஹீரோஸ் 3 இன்றைக்கும் குடும்பச் சொத்து மாதிரிக் கொண்டாடப்படுகிறது. 2022-ல் போலந்தைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இதை மேஜைமேல் விரித்து ஆடும் போர்டு கேமாகச் செய்ய இணையத்தில் பணம் திரட்டியபோது ரசிகர்கள் அள்ளிக் கொடுத்தார்கள்.

கைமாறிய கதை

ஜான் வான் கேனகம் என்ற அமெரிக்கர் 1986-ல் 'மைட் அண்ட் மேஜிக்' என்ற கேமைப் பெரும்பாலும் தனி ஆளாக எழுதி, நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் என்ற தன் கம்பெனி மூலம் வெளியிட்டார். 1990-ல் 'கிங்ஸ் பவுன்ட்டி'. அதில் விழுந்த விதைதான் 1995-ல் முளைத்த முதல் 'ஹீரோஸ்'. அடுத்த வருடமே கம்பெனி 3டிஓ என்ற பெரிய நிறுவனத்திடம் போனது. 1996-ல் இரண்டாம் பாகம், 1999-ல் மூன்றாம் பாகம்.

மூன்றாம் பாகத்துக்குக் கிடைத்த வரவேற்பில் உடனடியாக ஒரு இணைப்புத் தொகுப்பு போட முடிவானது. அதில் 'ஃபோர்ஜ்' என்ற புது நகரம் வருவதாக அறிவித்தார்கள். இயந்திரங்களும் துப்பாக்கிகளும் நிறைந்த நகரம். மைட் அண்ட் மேஜிக் உலகின் பின்னணிக் கதையில் விண்கலங்கள் ஏற்கெனவே உண்டு என்பதால், கதைப்படி இதில் தப்பே இல்லை. ஆனால் வாளும் டிராகனும் இருக்கும் இடத்தில் இயந்திரமா என்று ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். எதிர்ப்பு அத்துமீறிப் போனது. கடைசியில் ஃபோர்ஜ் கைவிடப்பட்டு, அவசரமாக வேறொரு நகரம் செய்து சேர்க்கப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், 2024 புத்தாண்டுக்கு ரசிகர்களே கட்டிய அந்தப் புது நகரத்தின் பெயர் 'ஃபேக்டரி'. உள்ளே போய்ப் பார்த்தால் இயந்திர மனிதன், மெக்கானிக், துப்பாக்கி வீரன், நடமாடும் இரும்புக் கோட்டை! 1999-ல் வேண்டாம் என்று விரட்டியதை 24 வருடம் கழித்துக் கைதட்டி வரவேற்றார்கள். தோற்றத்தில் வித்தியாசம் உண்டுதான். ஃபேக்டரியில் இருப்பது நீராவிக் காலத்து இயந்திரங்கள், பழைய வரைபடத்தோடு ஒட்டிப்போகின்றன. இருந்தாலும், ரசிகர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைவிட எந்தப் பக்குவத்தில் பரிமாறினால் சாப்பிடுவார்கள் என்பதுதான் கஷ்டமான கேள்வி.

3டிஓ பணக் கஷ்டத்தில் சிக்கியது. 2002-ல் நான்காம் பாகத்தை அரைவேக்காட்டில் இறக்கினார்கள். பலர் சேர்ந்து ஆடும் வசதியே இல்லாமல் கடைக்கு வந்தது அந்த கேம். நிறைய புதுமைகள் அதில் இருந்தன. தளபதியே களத்தில் இறங்கிச் சண்டை போடுவார். தளபதி இல்லாமலும் படை நகரும். இன்னும் ஒரு வருடம் அவகாசம் கிடைத்திருந்தால் எப்படி வந்திருக்கும் என்று இன்றும் ஏங்குகிறவர்கள் உண்டு. கிடைக்கவில்லை. 2003-ல் 3டிஓ திவாலானது. சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது, மைட் அண்ட் மேஜிக் பெயரை பிரான்ஸின் யுபிசாஃப்ட் 13 லட்சம் டாலருக்கு வாங்கியது. பதினேழு வருட உழைப்பின் மொத்த விலை அது.

ஐந்தாம் பாகத்தை 2006-ல் ரஷ்யாவின் நிவால் ஸ்டூடியோ செய்தது. முப்பரிமாணம்; முதலில் தடுமாறினாலும் இணைப்புத் தொகுப்புகளுக்குப் பிறகு நல்ல பெயர் எடுத்தது. 2011-ல் ஆறாம் பாகத்தை ஹங்கேரிய ஸ்டூடியோ ஒன்றும், 2015-ல் ஏழாம் பாகத்தை ஜெர்மன் ஸ்டூடியோ ஒன்றும் செய்தன. ஒவ்வொரு முறையும் புது ஆட்கள். முந்தைய ஆட்கள் கற்றுக்கொண்டது அவர்களோடே போய்விடும். புதியவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குவார்கள்.

ஆறாம் பாகத்தில் ஏழு வகைச் செல்வத்தை நான்காகக் குறைத்தார்கள். 'எளிமை' என்று காரணம் சொன்னார்கள். ரசிகர்களின் கோபம் அதைவிட இன்னொரு விஷயத்தில்தான் கொதித்தது. பழைய பாகங்களில் நகரத்துக்குள் நுழைந்தால் திரை முழுக்க ஒரு ஓவியம் விரியும். கட்டடம் கட்டக் கட்ட ஓவியத்தில் அது வந்து உட்காரும். முதல் நாள் வெறும் புல்வெளி. ஒரு மாதத்தில் மலைமேல் கோபுரம், அருவியோரம் டிராகன் குகை. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி இசை. ஆட்டத்தில் தோற்றாலும் அந்த ஓவியத்தைக் கட்டி முடித்த திருப்தி இருக்கும். ஆறாம் பாகம் வெளியானபோது அந்த இடத்தில் இருந்தது ஒரு சின்னப் பெட்டி. ஒரு படத்தையும் பட்டன்களையும் அதற்குள் அடக்கிவிட்டார்கள். ரசிகர்கள் கொந்தளித்த பிறகு பெரிய திரைகள் தரப்பட்டன. கணக்குப் பார்க்கும் மேனேஜருக்கு அந்த ஓவியம் செலவுக் கணக்கில் ஒரு வரி. வாங்கியவர்களுக்கு அதுதான் கேம்.

ஏழாம் பாகம் கோளாறுகளோடு வந்து, ஒரே வருடத்தில் கைகழுவப்பட்டது. அதற்குப் பிறகு எட்டு என்ற எண் வரவே இல்லை.

குழம்பு இருக்கிறது, செய்முறை நோட்டைக் காணோம்!

புதிதாகச் செய்வது கஷ்டம், சரி. பழையதையே மெருகேற்றித் தரலாமே? 2015 ஜனவரியில் யுபிசாஃப்ட் அதையும் செய்தது: 'ஹீரோஸ் 3 ஹெச்டி எடிஷன்'. ஆசையாக வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி. இரண்டு இணைப்புத் தொகுப்புகளும் அதில் இல்லை. காரணம், அவற்றின் சோர்ஸ் கோடு யுபிசாஃப்ட் கையில் இல்லை. 

கடையில் விற்கும் கேம் என்பது சமைத்து முடித்த குழம்பு. சோர்ஸ் கோடு என்பது செய்முறை எழுதிய நோட்டு. குழம்பைச் சுவைத்துப் பார்த்து இன்னதெல்லாம் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்; அதே குழம்பைத் திரும்ப வைக்க நோட்டு வேண்டும். கம்பெனி கைமாறும்போது பெயரும் லோகோவும் பத்திரமாக வந்து சேர்ந்தன. நோட்டு பாதி வழியில் தொலைந்துவிட்டது.

இது ஒரு கம்பெனியின் அலட்சியம் மட்டுமில்லை. ஜப்பானின் புகழ்பெற்ற 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்' 1997-ல் வந்தது. அதை 2025-ல் மறுபதிப்பு செய்தபோதும் இதே சிக்கல். பழைய சோர்ஸ் கோடு இல்லாமல், விற்பனையான பிரதிகளைப் பார்த்து மறுபடி கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அது கைமாறாத கேம், பெரிய கம்பெனி. அந்தக் காலத்தில் ஒரு கேம் கடைக்குப் போய்விட்டால் வேலை முடிந்தது. முப்பது வருடம் கழித்து யாராவது கேட்பார்கள் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

யுபிசாஃப்ட் தர முடியாததை ரசிகர்கள் தந்தார்கள். 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற ரசிகர் குழு, நோட்டு இல்லாமலேயே குழம்பைப் பிரித்து மேய்ந்து 2011 கடைசியில் முதல் பதிப்பை வெளியிட்டது. கடற்கொள்ளையர் நகரம், புது வரைபடங்கள், கோளாறுத் திருத்தம் எல்லாம் அதில் இருந்தன. ஓவியங்கள் அசல் கேமில் இருந்தவையா, ரசிகர்கள் வரைந்தவையா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குத் தரம். இன்று போட்டிகளில் ஆடப்படுவது பெரும்பாலும் இந்தப் பதிப்புதான். இன்னொரு பக்கம் 'விசிஎம்ஐ' என்ற குழு, கேமின் இயந்திரத்தையே புதிதாக, யாரும் பார்க்கும்படி திறந்த நிலையில் எழுதிவருகிறது.

சட்டப்படி இவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. ஒரு ரூபாய்க்குக்கூட விற்க முடியாது. பெயரை வைத்திருக்கும் நிறுவனம் நினைத்தால் எந்த நாளும் கதவைச் சாத்தலாம். அந்த நிச்சயமின்மையோடுதான் இத்தனை வருடமாக வேலை நடக்கிறது.

மானசீக வாரிசுகள்

இங்கே ஆங்கிலத்தில் ஒரு சொல் புழங்குகிறது: 'ஸ்பிரிச்சுவல் சக்சஸர்'. 'ஆன்மிக வாரிசு' என்று தமிழாக்கினால் மடாதிபதி பதவியேற்பு மாதிரி ஆகிவிடும். மானசீக வாரிசு என்பதே சரி. ஏகலைவனுக்குத் துரோணர் குரு ஆனதுபோல, பெயர் உரிமை இல்லாமல் பாணியை மட்டும் மனதார வரித்துக்கொண்டு செய்யப்படும் கேம். சட்டமும் இதற்கு வழி விடுகிறது. ஓவியம், இசை, எழுதிய புரோகிராம் இவற்றுக்குத்தான் காப்புரிமை. 'வாரத்தின் முதல் நாள் படை பெருகும்' என்பது போன்ற ஆட்ட விதியை யாரும் பட்டா போட்டு வைத்துக்கொள்ள முடியாது.

அதிகம் மானசீக வாரிசுகளைக் கண்டது அநேகமாக 'மாஸ்டர் ஆஃப் மேஜிக்'தான். 1994-ல் சிம்டெக்ஸ் உருவாக்கி மைக்ரோபுரோஸ் வெளியிட்ட கேம். பதினான்கு இனங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உலகங்கள், உலகையே புரட்டிப்போடும் மந்திரங்கள். கோளாறுகளும் ஏராளம். இரண்டாம் பாகம் வரவே இல்லை. அமெரிக்காவின் ஸ்டார்டாக் நிறுவனம் உரிமைக்கு முயன்று, கிடைக்காமல், 2010-ல் 'எலிமென்டல்' என்று சொந்தமாக ஒன்றைச் செய்தது. வந்த வேகத்தில் கவிழ்ந்தது. வேகாமலேயே இறக்கிவிட்டோம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு செய்ததுதான் குறிப்பிடத்தக்கது: குறைகளைக் களைந்து 2012-ல் 'ஃபாலன் என்சான்ட்ரஸ்' என்று புது கேம் செய்து, 2010-ல் வாங்கி ஏமாந்தவர்களுக்கு அதை இலவசமாகவே கொடுத்தது. கடைசியில் 2022 டிசம்பரில், பெயர் உரிமையை முறையாகப் பெற்ற ஸ்லிதரின் நிறுவனமும் போலந்தின் முஹா கேம்ஸும் சேர்ந்து அசல் பெயரிலேயே மறு உருவாக்கம் வெளியிட்டன. 28 வருடக் காத்திருப்பு! வந்தது மோசமில்லை. ஆனால் இடைப்பட்ட காலத்தில் மானசீக வாரிசுகள் அந்தப் பழைய யோசனைகளைப் பிய்த்துத் தின்றுவிட்டதால், அசலே நகல்போலத் தோன்றியதுதான் சோகம்.

நேர்மாறான கதை நெதர்லாந்தின் டிரையம்ஃப் ஸ்டூடியோஸ். இவர்களின் 'ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ்' வந்ததும் அதே 1999-ல்தான். 2003-க்குப் பிறகு அந்த வரிசை பதினோரு வருடம் தூங்கியது. மூன்றாம் பாகத்துக்குப் பெரிய கம்பெனிகள் காசு போடவில்லை. 'மைன்கிராஃப்ட்' புகழ் மார்கஸ் பெர்சன் முதலீடு செய்தார். 2014-ல் கேம் வந்தது, ஓடியது. 2017-ல் ஸ்வீடனின் பாரடாக்ஸ் இந்த ஸ்டூடியோவை வாங்கியது. பெயரும் கைப்பக்குவமும் ஒரே வீட்டில் இருந்ததால், 2023 மே மாதம் வந்த நான்காம் பாகம் பழையவற்றைத் தாண்டி நின்றது. இனத்தையே நீங்கள் வடிவமைக்கலாம். தவளை உடம்பு, முரட்டுக் கலாசாரம், அதற்குமேல் தேவதை மந்திரம் என்று கலந்துகொள்ளலாம். ஒரு ஆட்டத்தில் ஜெயித்த உங்கள் தலைவர் அடுத்த ஆட்டத்தில் வேறு யாராவது வேடத்தில் எதிரே வந்து நிற்பார். ஒரே அணி, ஒரே கேமை இருபது வருடத்துக்கு மேல் செதுக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்தத் துறையில் இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஹீரோஸ் 3-ன் மானசீக வாரிசு என்று கேட்டால் பலரும் கை காட்டுவது 'சாங்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்'. ஸ்வீடனின் லாவாபோஷன் என்ற சின்ன ஸ்டூடியோ செய்தது. 2022-ல் முன்னோட்டப் பதிப்பு, 2024 மே மாதம் முழுப் பதிப்பு. புள்ளி புள்ளியாக வரைந்த பழைய பாணி ஓவியம். கதையின் அத்தியாயங்களைப் பாட்டாகவே பாடுகிறார்கள். மந்திர சக்தி தளபதியிடமிருந்து வராது, களத்தில் நிற்கும் வீரர்களிடமிருந்து ஊறும்; எந்தப் படையைக் கூட்டிப்போகிறீர்களோ அதற்கேற்ற மந்திரம்தான் கிடைக்கும். ஒரே வகை வீரரை ஆயிரக்கணக்கில் குவிக்கவும் முடியாது. மூலத்தை மதித்துக்கொண்டே அதன் பலவீனத்தைத் திருத்தும் யோசனை இது. குறை? முழுப் பதிப்பில் நான்கே தரப்புகள். எட்டு நகரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் பசியோடு எழுந்துபோவதுபோல.

'கிங்ஸ் பவுன்ட்டி' பெயருக்கு நேர்ந்ததும் இதே ரகம். ரஷ்ய ஸ்டூடியோ ஒன்று வேறு பெயரில் செய்துகொண்டிருந்த கேமுக்குப் பாதியில் அந்தப் பழைய பெயர் வாங்கி ஒட்டப்பட்டது. 2008-ல் வந்த அந்த கேம் அருமையாக ஓடியது. 2021-ல் அதே பெயரில் வந்த இரண்டாம் பாகம் பாணியையே மாற்றி ரசிகர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது.

பெயர், ஆள், பணம் மூன்றும் இருந்தும் கெடுக்க முடியும் என்பதற்கு பிளிஸார்டின் 'வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு' போதும். 2020 ஜனவரியில் வந்தது. சொன்ன காட்சிகள் பல இல்லை. பழைய கேமை ஏற்கெனவே வைத்திருந்தவர்களின் பிரதியிலும் அப்டேட் என்ற பெயரில் கை வைத்தது. கடைசியில் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' உலகில் இஏ நிறுவனம் 2004-ல் கொண்டுவந்த 'பேட்டில் ஃபார் மிடில் எர்த்' நிலைமை இன்னும் மோசம். கதைக்கான உரிம ஒப்பந்தம் முடிந்துபோனதால், அந்த கேமைக் காசு கொடுத்து முறையாக வாங்கவே இப்போது வழியில்லை.

எட்டு என்று எண் போடாத புது ஹீரோஸ்

2024 ஆகஸ்ட்டில் ரசிகர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்: ஓல்டன் எரா' அறிவிப்பு. செய்பவர்கள் அன்ஃப்ரோஸன் என்ற சிறிய ஸ்டூடியோ. யுபிசாஃப்ட் பின்னாலிருந்து நடத்த, ஸ்ட்ராட்டஜி கேம்களுக்குப் பேர்போன ஹூடட் ஹார்ஸும் வெளியீட்டில் சேர்ந்துகொண்டது. 2025-ல் முன்னோட்டப் பதிப்பு என்றார்கள். பிறகு 2026-க்குத் தள்ளிவைத்தார்கள். நான்காம் பாகம் அவசரத்தில் கெட்டதைப் பார்த்தவர்கள் இந்தத் தாமதத்துக்குக் கோபப்படவில்லை. 

எட்டு என்று எண் போடாமல் விட்டதில் ஒரு தெளிவு தெரிகிறது. கதை எல்லாவற்றுக்கும் முந்தைய காலத்தில், முதல் பாகங்கள் நடந்த பழைய உலகிலேயே நடக்கிறது. யுபிசாஃப்ட் வாங்கிய பிறகு உண்டாக்கிய புது உலகத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். ஹீரோஸ் 3-க்கு இசையமைத்த பால் ஆன்டனி ரொமேரோ இதிலும் இருக்கிறார். கோயில், இறந்தவர் நகரம், பாதாளம் என்று தெரிந்த முகங்களோடு, பூச்சிகளின் கூடு ஒன்றும் பனியில் உறைந்த ஒரு ரகசியக் கூட்டமும் புதிது.

2025 அக்டோபரில் டெமோ வந்தது. ஒரே ஒரு தளபதியை மட்டும் வைத்து ஆடும் வகையும், வரைபடமே இல்லாமல் நேராகச் சண்டைக்குப் போகும் வகையும் உண்டு. இந்த இரண்டும்தான் கவனிக்க வேண்டியவை. 1999-ல் ஒரு வரைபடத்தை முடிக்க ஒரு சனி, ஞாயிறு முழுக்கச் செலவழித்த மாணவருக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். வீட்டுக் கடன் தவணை, பிள்ளையின் ஸ்கூல் வேன், காலை ஏழு மணிக்கு மீட்டிங். அவருக்கு ஏழு பூதம் வேண்டும், ஏழு செல்வம் வேண்டும், நகர ஓவியம் வேண்டும். ஆனால் எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் வேண்டும். ஹீரோஸ் 3-ஐ அச்சு அசலாகத் திரும்பச் செய்து கொடுத்தாலும் அவருக்கு அந்த சனி, ஞாயிறு திரும்ப வராது. புது கேமை உருவாக்குபவர்கள் உண்மையில் தீர்க்க வேண்டிய கணக்கு அதுதான். அதைக் கொஞ்சமாவது யோசித்திருக்கிறார்கள் என்பது டெமோவில் தெரிகிறது.

கவலைக்கும் இடமிருக்கிறது. பெயர் இன்னமும் யுபிசாஃப்டிடம்தான். முதல் பதிப்பின் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லையென்றால் அடுத்த தொகுப்புக்குப் பணம் வருமா, அதே அணி தொடருமா, அல்லது மறுபடி வேறு நாடு, வேறு ஸ்டூடியோ, ஒன்றாம் வகுப்பா? ஆறிலும் ஏழிலும் நடந்ததைப் பார்த்தவர்கள் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

இப்போதே ஆடிப்பார்க்க ஆசையா?

காசே செலவழிக்காமல் இந்த வகை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' இருக்கிறது. 2003-லிருந்து தன்னார்வலர்களால் வளர்ந்துவரும் இலவச கேம். பழைய லேப்டாப்பிலும் ஓடும். 

நல்ல கம்ப்யூட்டர் இருப்பவர்கள் ஏஜ் ஆஃப் வொண்டர்ஸ் 4-லிருந்து தொடங்கலாம். அமைதியாக, அழகாக வேண்டுமென்றால் சாங்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட். இரண்டுக்கும் தள்ளுபடி அடிக்கடி வரும், அவசரப்பட்டு முழு விலை கொடுக்கத் தேவையில்லை.

ஹீரோஸ் 3-தான் வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான படத்தைப் பார்த்து 2015-ன் ஹெச்டி எடிஷனை வாங்கிவிட்டு, ஹார்ன் ஆஃப் தி அபிஸ் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதில் ஓடாது. போலந்தின் ஜிஓஜி தளத்தில் விற்கும் பழைய பதிப்பைத்தான் வாங்க வேண்டும். அதே பதிப்பின் ஃபைல்களை விசிஎம்ஐ ஆப்பில் ஏற்றினால் ஆண்ட்ராய்டு போனிலும் ஆடலாம். பணம் கட்டும் முன், பெயரின் கடைசியில் 'கம்ப்ளீட்' என்ற சொல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.